பிழைக்கோடு சிறுத்தால் மட்டும் போதாது: கன மீசான் சிதைவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளில் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, துகள் இயற்பியலின் கணினிவழி ஆய்வுக்குள் நுழைய விரும்பும் மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் கணக்குகளில், நிரல் எழுதுவதில் குறை காண்பது அரிது. மோட்டார் பம்பும் விசைத்தறியும் வார்ப்படப் பட்டறையும் சூழ வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஓடாத ஒன்றை ஓடவைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. குறை இருப்பது வேறோர் இடத்தில், அதாவது விடையாகக் கிடைத்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்படும் பிழை மதிப்பில். கன மீசான்களின் சிதைவைக் கணக்கிடும் துறையில் அந்தச் சிறிய எண்தான் பாதி விடை. தவறான விடை எப்படியும் ஒருநாள் பிடிபட்டுவிடும். தவறான விடைக்குப் பக்கத்தில் மிகச் சிறிய பிழை எழுதப்பட்டிருந்தால், அது பிடிபடும்வரை பலருடைய உழைப்பைத் தவறான திசையில் இழுத்துச் செல்லும்.

பாட்டம் குவார்க்கோ சார்ம் குவார்க்கோ இலேசான எதிர்க்குவார்க் ஒன்றோடு பிணைந்து உருவாவது கன மீசான். பி மீசானின் நிறை 5279 எம்இவி, அதாவது மெகா எலக்ட்ரான் வோல்ட். டி மீசானின் நிறை ஏறத்தாழ 1867 எம்இவி. இவை மெல்விசையால் சிதைகின்றன. சிதைவின் வேகத்தை ஜெனீவாவில் உள்ள செர்னின் எல்எச்சிபி சோதனையும், சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் பங்கேற்கும் ஜப்பானின் பெல்-2 சோதனையும் அளக்கின்றன. அளந்த வேகத்துக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, 1973இல் கொபயாஷியும் மஸ்காவாவும் எழுதிய, 2008இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த குவார்க் கலப்பு அணியின் ஓர் உறுப்பு. மற்றொன்று, குவார்க்குகளை மீசானுக்குள் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் பங்கு. முதலாவதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் இரண்டாவதைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டே ஆக வேண்டும். 1974இல் கென்னத் வில்சன் வகுத்த வழியில், வெளியையும் காலத்தையும் நாற்பரிமாண லாட்டிஸாக, அதாவது சம இடைவெளியில் அமைந்த கணுக்களின் வலையாக மாற்றி, வலுவிசையைச் சுமக்கும் குளுவான் புலத்தின் மாதிரிகளைத் தற்செயல் முறையில் உருவாக்கி, அவற்றின் மீது சராசரி எடுப்பதே இதற்கு நம்மிடம் உள்ள முறை.

இதில் எவ்வளவு துல்லியம் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். பாட்டம் குவார்க் சார்ம் குவார்க்காக மாறும் கலப்பு உறுப்பான வி-சிபியை, ஒரு குறிப்பிட்ட இறுதி நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் ஆயிரத்தில் 39 முதல் 40 வரை வருகிறது. எல்லா இறுதி நிலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 42ஐ ஒட்டி வருகிறது. இந்த வேறுபாடு புதிய இயற்பியலின் தடயமா, யாரோ ஒருவர் பிழையைக் குறைத்து எழுதியதன் விளைவா என்பது பல ஆண்டுகளாக நீடிக்கும் கேள்வி. முதல் வழி லாட்டிஸ் தரும் வடிவக் காரணிகளை, அதாவது உந்தத்தைப் பொறுத்து மாறும் வலுவிசைப் பங்கை நம்பி நிற்கிறது. ஆகவே பிழை மதிப்பை நேர்மையாக எழுதுவது நாகரிகம் கருதிச் செய்யும் காரியமாக இல்லாமல், இயற்பியலின் உள்ளடக்கமாகவே ஆகிவிடுகிறது.

எந்தச் சிதைவை எடுத்துக்கொள்வது

முதல் தவறு கணினியைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பி மீசான் சிதைந்து டி மீசானும், மீசான்களிலேயே மிக இலேசான பையானும் ஆகும் நிகழ்வு சோதனையில் ஏராளமாகக் கிடைப்பதால், அதையே கணக்கிடலாம் என்று ஆர்வத்தோடு தொடங்குகிறவர்கள் உண்டு. லாட்டிஸ் கணக்கு கற்பனைக் காலத்தில் நடக்கிறது. அங்கே வலுவிசையால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு துகள்களின் இறுதி நிலையை நேரடியாகப் பிரித்தெடுக்க இயலாது என்பதை 1990இல் மையானியும் டெஸ்டாவும் காட்டினர். 2001இல் லெலூஷும் லூஷரும் தந்த வழி, விந்தைக் குவார்க் கொண்ட காயான் மீசான் இரு பையான்களாகச் சிதைவதுபோல் ஆற்றல் குறைவாகவும் திறந்த வழிகள் மிகச் சிலவாகவும் உள்ள இடத்தில் பயன்படுகிறது. பி மீசானின் ஆற்றலிலோ பல துகள் நிலைகள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. எனவே தொடக்கநிலை ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை, எலக்ட்ரான், நியூட்ரினோ போன்ற லெப்டான்களாக மட்டும் சிதையும் நிகழ்வும், ஒரு மீசானும் லெப்டான்களும் வெளிவரும் நிகழ்வும்தான். முதல் வகைக்குச் சிதைவு மாறிலி என்ற ஒற்றை எண் போதும். இரண்டாம் வகைக்கு வடிவக் காரணி என்ற சார்பு வேண்டும்.

இறுதி நிலையில் வரும் மீசான் நிலையானதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கே-ஸ்டார் மீசான் ஏறத்தாழ 50 எம்இவி அகலமுடைய ஒத்ததிர்வு. அதை நிலையான துகளாக எண்ணிக் கணக்கிட்டுவிட்டு, அதனால் வரும் பிழையைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது தவறு. டி மீசானின் சற்றே கனமான இணையான டி-ஸ்டார் மிகக் குறுகிய அகலமுடையது என்பதால் அச்சமில்லை என்று தோன்றலாம். ஆனால் அதன் நிறைக்கும் டி மீசானின் நிறைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 145 எம்இவி. பையானின் நிறை 140 எம்இவி. லாட்டிஸில் இயல்பைவிடக் கனமான பையானை வைத்துக் கணக்கிடும்போது டி-ஸ்டார் சிதைய வழியே இல்லை. உண்மையான பையான் நிறையை நோக்கி நீட்டிக்கொண்டு வரும்போது அந்த வாசல் திறக்கிறது. அந்த இடத்தில் வடிவக் காரணியின் வளைகோட்டில் ஒரு சிறு கூர்முனை உண்டாகிறது. நேர்கோட்டில் நீட்டுகிறவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும்.

வரையறையில் ஏற்படும் ஒரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பையானின் சிதைவு மாறிலியைச் சிலர் 130 எம்இவி என்றும் சிலர் 92 எம்இவி என்றும் எழுதுவார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டின் வர்க்கமூலம் நிற்கிறது. ஒரு கட்டுரையின் சூத்திரத்தையும் வேறொரு கட்டுரையின் எண்ணையும் சேர்த்துக்கொண்டால் சிதைவு வேகம் இரு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

லாட்டிஸ் இடைவெளியும் குவார்க்கின் கனமும்

இத்துறையின் தனிச்சிறப்பான இடர்ப்பாடு இதுதான். சென்னிமலைப் போர்வையில் இழைகளுக்கு இடையிலுள்ள தொலைவைவிட நுணுக்கமான பூவேலையை எந்த நெசவாளராலும் கொண்டுவர இயலாததுபோல, லாட்டிஸ் இடைவெளியைவிடச் சிறிய அலைநீளம் கொண்ட குவார்க்கை அந்த லாட்டிஸால் உள்ளபடி காட்ட இயலாது. எண்களைப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். இடைவெளி 0.09 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி என்பது 10^-15 மீட்டர்) என்றால் அதற்கு ஈடான ஆற்றல் ஏறத்தாழ 2.2 ஜிஇவி, அதாவது கிகா எலக்ட்ரான் வோல்ட். பாட்டம் குவார்க்கின் நிறை வழக்கமான வரையறையில் 4.18 ஜிஇவி. இரண்டின் விகிதம் 1.9. லாட்டிஸால் வரும் பிழை இந்த விகிதத்தின் படிகளாகவே வளர்வதால், விகிதம் ஒன்றைத் தாண்டிவிட்டால் பிழையைச் சிறியது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இடைவெளியை 0.045 ஃபெர்மியாகக் குறைத்தால் விகிதம் 0.95, 0.03 ஃபெர்மியில் 0.64. அந்த அளவுக்கு நுண்ணிய லாட்டிஸைப் பயன்படுத்தித்தான் அமெரிக்காவின் ஃபெர்மிலாபும் மில்க் என்ற லாட்டிஸ் கணக்கீட்டுக் குழுவும் 2018இல் பி மீசானின் சிதைவு மாறிலியை மிகத் துல்லியமாக வெளியிட்டன. பையானையும் உண்மை நிறையில் வைத்து, லாட்டிஸ் அடங்கிய பெட்டியையும் போதிய அளவு பெரிதாக்கி, இடைவெளியையும் 0.06 ஃபெர்மிக்குக் கொண்டுவந்தால், ஒரு பக்கத்துக்கு 96 கணுக்களும் காலத் திசையில் 192 கணுக்களும் தேவைப்படுகின்றன. மொத்தம் ஏறத்தாழ 17 கோடி கணுக்கள். குளுவான் புலத்தின் ஒரே ஒரு மாதிரியை இரட்டைத் துல்லியத்தில் சேமிக்கவே ஏறத்தாழ 98 ஜிபி வேண்டும்.

இந்தச் செலவைத் தவிர்க்க ஆய்வாளர்கள் வேறு வழிகளையும் வகுத்திருக்கிறார்கள். கனக் குவார்க்கை அசையாததாகக் கொண்டு திருத்தங்களைச் சேர்ப்பது ஒரு வழி. ஒளியைவிட மிக மெதுவாகச் செல்லும் துகளாக எழுதுவது இன்னொரு வழி. எந்தக் கனத்துக்கும் பொருந்தும்படி சமன்பாட்டின் கெழுக்களைத் திருத்திக்கொள்ளும் ஃபெர்மிலாப் முறை மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. ஒரு முறைக்குரிய பழக்கத்தை இன்னொன்றுக்குள் கொண்டுபோவதில்தான் தவறு நேர்கிறது. மெதுவாகச் செல்லும் குவார்க் முறையில் லாட்டிஸ் இடைவெளியைச் சுழியத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. இடைவெளி குறையக் குறையச் சில உறுப்புகள் வெடித்துப் பெருகும். அப்படியிருக்க, மூன்று இடைவெளிகளில் கிடைத்த புள்ளிகளை நேர்கோட்டில் பொருத்தி, சுழியத்தில் வெட்டும் இடத்தை விடையாக எழுதுவது அம்முறையின் அடிப்படைக்கே முரணானது.

இலேசான குவார்க்கில் கணக்கிட்டுப் பாட்டம் குவார்க்கின் நிறைக்கு நீட்டிக்கொண்டு போகிறவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். கனம் மிக மிக அதிகமாகும் எல்லையில், சிதைவு மாறிலி மீசான் நிறையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்று கோட்பாடு சொல்கிறது. டி மீசானின் சிதைவு மாறிலி 212 எம்இவி. அந்த விதியை அப்படியே நம்பிப் பி மீசானுக்குப் போனால் 126 எம்இவி கிடைக்கும். உண்மை மதிப்போ 190 எம்இவி. விதி பொய்யல்ல; சார்ம் குவார்க் அந்த எல்லைக்கு அருகில் இல்லை, அவ்வளவுதான். நிறையின் தலைகீழ்ப் படிகளாக வரும் திருத்தங்கள் சார்ம் குவார்க்கில் மிகப் பெரியவை. அவற்றைத் தரவிலிருந்தே தீர்மானிக்க, சார்முக்கும் பாட்டத்துக்கும் இடையே பல நிறைகளில், ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடைவெளிகளில் கணக்கிட வேண்டும். கனத்தைக் கூட்டுவதும் இடைவெளியின் பிழையைக் கூட்டுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒரே இடைவெளியில் எடுத்த தரவில் இயற்பியல் எது, லாட்டிஸின் பிழை எது என்று பிரிக்கவே முடியாது.

சமதளமாகத் தோன்றுவதெல்லாம் சமதளமல்ல

கோவையில் மாணவர்களோடு நடந்த ஒரு பயிற்சியில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் டி மீசானின் பயனுறு நிறை வரைபடத்தை, அதாவது ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் தரவு காட்டும் நிறையைத் திரையில் காட்டினார். இடைவெளி 0.09 ஃபெர்மி. ஆறாம் நேரப் புள்ளியிலிருந்து பத்தாம் புள்ளி வரை எடுத்துக்கொண்டு ஒரு மாறிலியைப் பொருத்தியிருந்தார். "இந்த அஞ்சு புள்ளியும் ஒரே கோட்டுலதானுங்க சார் இருக்குது" என்று அவர் சொன்னது கண்ணுக்குச் சரியாகவே தெரிந்தது. "தொடக்கத்தை ஒன்பதுக்கு நகர்த்திப் பாரும்மா" என்றேன். நகர்த்தியபோது விடை கீழே இறங்கியது. இறங்கிய தொலைவு, முன்பு அவர் எழுதியிருந்த பிழையைப்போல் மூன்று மடங்கு. ஐந்து புள்ளிகளும் அருகருகே கிளர்வு நிலைகளின் ஒரே மாசைப் பகிர்ந்துகொண்டிருந்ததால்தான் ஒரே கோட்டில் நின்றன.

இது ஏன் கன மீசான்களில் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதை எண்ணால் பார்க்கலாம். நாம் கணக்கிடும் தொடர்புச் சார்பில் அடிநிலையோடு, அதைவிட ஆற்றல் மிகுந்த கிளர்வு நிலைகளும் கலந்துள்ளன. பி மீசானுக்கும் அதன் முதல் ஆரக்கிளர்வுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.6 ஜிஇவி, ஒரு ஃபெர்மி நேரம் (ஒளி ஒரு ஃபெர்மியைக் கடக்கும் நேரம்) காத்திருந்தால் அந்தக் கலப்பு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் காத்திருக்கும்போது குறிகையும் மங்குகிறது. பி மீசானின் குறிகை அதன் நிறைக்கு ஏற்பக் குறைய, இரைச்சலோ ஈட்டா-பி மீசானும் (பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது) பையானும் சேர்ந்த நிறையின் பாதிக்கு ஏற்பத்தான் குறைகிறது. ஈட்டா-பியின் நிறை 9.4 ஜிஇவி என்பதால் அந்தப் பாதி 4.77 ஜிஇவி, பி மீசானின் 5.28 ஜிஇவியிலிருந்து 0.51 ஜிஇவி குறைவு. விளைவாக ஒவ்வொரு ஃபெர்மிக்கும் குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 13 மடங்கு சரிகிறது. டி மீசானில் இது ஏறத்தாழ 5 மடங்கு. பையானில் சரிவே இல்லை. பையானில் பழகிய கை பி மீசானில் தடுமாறுவது இதனால்தான். இழந்த 13 மடங்கை மாதிரிகளைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டுமானால் ஏறத்தாழ 180 மடங்கு மாதிரிகள் தேவை. மாசு அகல்வதும் குறிகை மறைவதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடப்பதால், பொறுமையாகக் காத்திருப்பது இங்கே தீர்வாகாது.

தீர்வு, கிளர்வு நிலைகளை ஒதுக்காமல் பொருத்தலுக்குள் சேர்த்துக்கொள்வதுதான். பல வகையான மூலங்களைப் பயன்படுத்தி அவற்றின் தொடர்பு அணியிலிருந்து நிலைகளைப் பிரிக்கலாம். அல்லது பல அடுக்குச் சார்புகளை முன்மதிப்புகளோடு, அதாவது விடை இருக்கக்கூடிய எல்லையை முன்பே ஊகித்து இட்டுப் பொருத்தலாம். இங்கும் கவனம் வேண்டும். பொருத்தப்போகும் தரவைப் பார்த்தே முன்மதிப்பைத் தீர்மானித்து, அதே தரவின் மீது அதைச் செலுத்தினால், ஒரே தகவலை இருமுறை எண்ணியதாகிறது. மூலத்தில் ஒரு வடிவமும் முடிவில் வேறொரு வடிவமும் வைத்திருந்தால், கலப்புகளின் குறிகள் எதிரெதிராக அமைந்து, ஒன்றையொன்று ஈடுசெய்து, இல்லாத சமதளத்தைக் காட்டிவிடக் கூடும். ஸ்டாகர்டு என்ற லாட்டிஸ் சமன்பாட்டில் எழுதிய குவார்க்குகளில் எதிர்ப் பாரிட்டி (கண்ணாடிச் சமச்சீரில் எதிர்க்குறி கொண்ட) நிலை ஒன்று நேரப் புள்ளிக்கு நேரப் புள்ளி குறி மாறி வரும். அதை இரைச்சல் என்று நினைத்து அடுத்தடுத்த புள்ளிகளைச் சராசரி செய்வது, உண்மையான தகவலைத் தூக்கி எறிவதாகும்.

பி மீசான் பையானாக மாறும் வடிவக் காரணியில் இன்னும் நுட்பமான எதிரி ஒன்று உண்டு. பையான் உண்மை நிறையில் இருக்கும்போது, பி மீசானின் சற்றே கனமான இணையான பி-ஸ்டாரும் பையானும் எதிரெதிர் உந்தத்தோடு சேர்ந்த நிலை, ஆறு ஃபெர்மியை ஒட்டிய பெட்டியில் பி மீசானுக்கு ஏறத்தாழ 0.3 ஜிஇவி மேலேயே அமைந்துவிடுகிறது. ஆரக்கிளர்வைவிட அது பாதி தொலைவில் இருக்கிறது. கனமான பையானில் சோதித்துத் தேர்ந்தெடுத்த நேர எல்லையை உண்மைப் பையானுக்கும் அப்படியே பயன்படுத்துவது இக்காரணத்தால் தவறாகிறது.

புள்ளியியல்

ஒரே குளுவான் மாதிரியில் எடுக்கப்பட்ட எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எனவே உடன்மாறுபாட்டு அணியைப் பயன்படுத்திப் பொருத்த வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்த அணியையே மாதிரிகளிலிருந்து மதிப்பிடுகிறோம் என்பதுதான் மறந்துபோகிறது. 40 தரவுப் புள்ளிகள் இருந்தால் அணியில் 820 தனி உறுப்புகள். கையில் 200 மாதிரிகள் மட்டும் இருந்தால், அணியின் சிறிய ஐகன் மதிப்புகள் உண்மையைவிடச் சிறியவையாகவே வரும்; அணியைத் தலைகீழாக்கும்போது அவையே மிகப் பெரிய எடையைப் பெறும். பொருத்திய கோடு தரவுப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் கீழே போவதைப் பார்த்து மிரண்டு, தொடர்புகளையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்போது பொருத்தத்தின் தரத்தை அளக்கும் கை-ஸ்கொயர் அழகாகக் குறையும். ஆனால் அதற்கு எந்தப் பொருளும் இராது. தரவுப் புள்ளிகளைக் குறைப்பது, நேர எல்லையைச் சுருக்குவது, சிறிய ஐகன் மதிப்புகளுக்குக் கீழ்வரம்பு இடுவது ஆகியவை ஏற்கத்தக்க வழிகள். எதைச் செய்தாலும் அதை மாற்றிப் பார்த்து, விடை எவ்வளவு அசைகிறது என்று எழுதிவைக்க வேண்டும்.

மாதிரிகளும் தங்களுக்குள் சார்பற்றவை அல்ல. ஒரு மாதிரியிலிருந்து சிறிது மாற்றியே அடுத்தது உருவாகிறது. தன்தொடர்பு நேரம், அதாவது அந்தச் சார்பு மறைய எடுக்கும் இடைவெளி 8 மாதிரிகள் என்றால் உண்மையான பிழை, எளிய சூத்திரம் தரும் பிழையைப்போல் நான்கு மடங்கு. ஜாக்நைஃப் (ஒவ்வொரு மாதிரியாக விட்டுவிட்டுத் திரும்பக் கணக்கிட்டுப் பிழையை மதிப்பிடும் முறை) செய்துவிட்டேன் என்பது இதற்கு விடையாகாது. மாதிரிகளைப் பெட்டிகளாகத் தொகுத்து, பெட்டியின் அளவைக் கூட்டக் கூட்டப் பிழை எங்கே நிலைபெறுகிறது என்று பார்த்த பிறகே ஜாக்நைஃபுக்குப் பொருள் உண்டு. கனக் குவார்க்குக்காக இடைவெளியைக் குறைக்கும்போது இது மேலும் கடுமையாகிறது. குளுவான் புலத்தின் முறுக்கை எண்ணும் இடவியல் மின்னூட்டம் இடம்பெயர எடுக்கும் நேரம், சோதித்துப் பார்த்த லாட்டிஸ்களில் இடைவெளியின் ஏறத்தாழ ஐந்தாம் தலைகீழ்ப் படியாக வளர்ந்திருக்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் அது 32 மடங்கு. மிக நுண்ணிய லாட்டிஸில் அது முற்றிலும் உறைந்து நின்றுவிடக் கூடும். அப்போது நமது சராசரி முழு வெளியின் மீது எடுத்ததல்ல. காலத் திசையில் திறந்த எல்லைகளை வைப்பது ஒரு மாற்று. உறைந்த மின்னூட்டத்தின் விளைவைக் கோட்பாட்டால் கணக்கிட்டுத் திருத்துவது மற்றொன்று.

வடிவக் காரணியை நீட்டுவது

பி மீசான் பையானாக மாறும்போது லெப்டான்களுக்குப் போகும் உந்தத்தின் இருபடி சுழியத்திலிருந்து 26.4 ஜிஇவி-இருபடி வரை மாறலாம். லாட்டிஸ் நன்றாகத் தரவு தருவது மேல் எல்லைக்கு அருகில், பையான் மெதுவாகச் செல்லும் இடத்தில். கீழ் எல்லையில் பையானின் உந்தம் 2.6 ஜிஇவி ஆகிவிடுகிறது, 0.09 ஃபெர்மி லாட்டிஸில் அந்த உந்தத்தை நம்ப முடியாது. சோதனையிலோ பையானின் உந்தம் சிறுக்கும் மேல் எல்லையில் நிகழ்வுகள் அருகிவிடுகின்றன. பெரும்பாலானவை கீழ்ப்பக்கத்தில்தான் கிடைக்கின்றன. ஆகவே இரண்டையும் இணைக்க ஒரு சார்பு தேவைப்படுகிறது.

இங்கே ஒற்றைத் துருவச் சூத்திரத்தைப் போட்டு முடித்துவிடுவது பழைய வழக்கம். அச்சார்பு தரவுக்குள் அழகாகப் பொருந்தும். வெளியே போனால் அதன் வடிவத்தைத் தீர்மானிப்பது நமது ஊகமே. பி-ஸ்டாரின் துருவத்தை வெளியே எடுத்துவிட்டு, எஞ்சியதை, உந்தத்தின் இருபடியைச் சிறிய எண்ணாக மாற்றித் தரும் ஸெட் மாறியின் படிகளாக விரிப்பது நல்ல வழி. பி மீசான்-பையான் நிகழ்வில் அந்த மாறியின் அளவு 0.28ஐத் தாண்டாதபடி அமைக்க முடிவதால், சில உறுப்புகளே போதுமானவை. எத்தனை உறுப்புகள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து நிறுத்திவிடாமல், இன்னும் ஒன்றைச் சேர்த்து மையமதிப்பும் பிழையும் நிலைபெறும்வரை பார்க்க வேண்டும். இரண்டு வடிவக் காரணிகளும் சுழியத்தில் ஒன்றாக வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடுவதும் அடிக்கடி காணும் குறை. சார்பைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு, 2017இல் பெல் சோதனையின் ஒரே தரவை இருவேறு விரிவுகளால் பொருத்தியபோது வி-சிபி குறிப்பிடத்தக்க அளவு மாறியதே சான்று.

அளவுகோலும் மறு இயல்பாக்கமும்

லாட்டிஸ் இடைவெளியின் மதிப்பே வேறொரு கணக்கிலிருந்து வருகிறது; அதற்கும் பிழை உண்டு. இடைவெளியில் 1 சதவீதப் பிழை என்றால் விடையிலும் 1 சதவீதம்தானே என்று எண்ணிவிடுகிறார்கள். பாட்டம் குவார்க்கின் நிறையைச் சரிப்படுத்துவதும் அதே இடைவெளியைக் கொண்டுதான் என்பதால், கனம் மிகப் பெரிதாகும் எல்லையில் சிதைவு மாறிலியில் அது 1.5 சதவீதம் வரை போகும். குவார்க் நிறையைச் சரிப்படுத்திய பிறகு இடைவெளியின் பிழையைத் தனியாகச் சேர்க்காமல், ஒவ்வொரு ஜாக்நைஃப் மாதிரியிலும் இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

லாட்டிஸில் எழுதிய மெல்விசை மின்னோட்டத்தைத் தொடர்ம வெளியின் மின்னோட்டத்தோடு பொருத்தும் மறு இயல்பாக்கக் காரணியை முதல் படி வரை மட்டும் கணக்கிட்டால், விட்டுப்போன இரண்டாம் படியின் அளவு சில சதவீதம் இருக்கக் கூடும். புள்ளியியல் பிழையை அரை சதவீதத்துக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் கணினியை ஓட்டிவிட்டு, இந்தச் சில சதவீதத்தை அடிக்குறிப்பில் தள்ளுவது பொருந்தாத செயல். இரு குவார்க்குகளையும் ஒரே வகைச் சமன்பாட்டில் எழுதும் முறையில், குவார்க் நிறைகளின் கூட்டுத்தொகையைப் போலிஸ்கேலார் அடர்த்தியோடு பெருக்கினால் காரணியே தேவைப்படாது. கூடியவரை அவ்வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மற்றவர் எண்ணோடு ஒப்பிடுகையில்

லாட்டிஸ் முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஃப்ளாக் குழு வெளியிடும் சராசரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அங்கே பி மீசானின் சிதைவு மாறிலி 190.0 எம்இவி, பிழை 1.3, விந்தைக் குவார்க் கொண்ட பி-எஸ் மீசானுக்கு 230.3, பிழை 1.3. ஆனால் இரண்டு குழுக்களின் முடிவுகள் ஒன்றிவருவதை இரண்டு சாட்சிகள் என்று எண்ணும் முன், இரண்டும் ஒரே குளுவான் மாதிரித் தொகுப்பைப் பயன்படுத்தியவையா என்று பார்க்க வேண்டும். மில்க் குழுவின் தொகுப்புகளைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன; அம்முடிவுகளின் புள்ளியியல் பிழைகளைச் சார்பற்றவையாகக் கருதிச் சராசரி எடுத்தால் பிழை செயற்கையாகச் சுருங்கும்.

இதைவிட ஆபத்தானது, தெரிந்த விடையை நோக்கிப் பொருத்தலை நகர்த்துவது. 190க்கு அருகில் வரும்வரை நேர எல்லையை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, வந்ததும் நிறுத்திவிடும் மனநிலை யாருக்கும் வரக்கூடியது. ஃபெர்மிலாபும் மில்க் குழுவும் 2021இல் வெளியிட்ட பி மீசான்-டி-ஸ்டார் கணக்கில், வடிவக் காரணிகளைத் தெரியாத ஓர் எண்ணால் பெருக்கி மறைத்துவைத்து, பகுப்பாய்வு முழுவதையும் முடித்த பிறகே மறைப்பை நீக்கினர். இதை நம் ஊர் ஆய்வகத்திலும் செய்யலாம். நண்பர் ஒருவர் ஓர் எண்ணைத் தெரிவுசெய்து தாளில் எழுதிப் பூட்டிவைத்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது, சார்ம் குவார்க்கும் விந்தைக் குவார்க்கும் கொண்ட டி-எஸ் மீசானின் சிதைவு மாறிலி. அதற்குள் மிக இலேசான குவார்க் இல்லாததால் குறிகை விரைவில் மங்குவதில்லை. ஃப்ளாக் சராசரி 249.9 எம்இவி, பிழை 0.5 என்பதால் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். பக்கத்துக்கு 24 கணுக்களும் காலத்தில் 64 கணுக்களும் கொண்ட 0.12 ஃபெர்மி லாட்டிஸின் ஒரு மாதிரி ஏறத்தாழ 510 எம்பி. அதை ஒரு மேசைக் கணினி தாங்கும். பொதுவில் கிடைக்கும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, ஒரே இடைவெளியில் கிடைக்கும் விடை 249.9இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே சார்ம் நிறைக்கும் லாட்டிஸ் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.77 என்பதால் விலகல் இருக்கவே செய்யும். பிறகு 0.09 ஃபெர்மியில் அதையே திரும்பச் செய்து, விலகல் இடைவெளியின் இருபடியாகக் குறைகிறதா, அதைவிட மெதுவாகக் குறைகிறதா என்று பார்த்து, பிழைப் பட்டியலின் முதல் வரியை அதிலிருந்தே எழுதலாம்.